சிவப்பு நூல் போட்ட பக்கம்

அப்பாவின் சட்டைகளையெல்லாம் துவைத்து, தேய்த்து, அலமாரியில் அடுக்கிவிட்டுப் பெருமையாக நின்றாள் மகள். நல்ல எண்ணத்தில் செய்த பிள்ளையைத் திட்டவா முடியும்? அவர் போய் ஒரு மாதம்தான் ஆகிறது. அந்தச் சட்டைகளை ஒளிந்து ஒளிந்து மோந்து பார்த்துத்தான் அம்மா நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையாடி?"

"எல்லாம் ஒரே வேர்வை நாத்தம்மா. ஏன்?"

சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த நாற்றத்தோடு மல்லுக்கட்டித்தானே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினாள்! பனியன் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. வேர்வைக்கென்று தனி நாற்றம் கிடையாது, அதைத் தின்கிற கிருமிகள்தான் நாற வைக்கின்றன. துணியில் வெள்ளியை ஏற்றிவிட்டால், ஈரம் பட்டதும் அது துளித்துளியாகக் கசிந்து கிருமிகளை ஒழித்துவிடும் என்று வீட்டிலும் பாடம் எடுப்பாள். பஸ் ஓட்டிவிட்டுத் தொப்பலாக நனைந்து வரும் மனுஷன்தான் அவளுக்குச் சோதனை ஆள். "வெள்ளித் தட்டுல சாப்பிடக் கொடுத்து வைக்கல, வெள்ளி பனியனாவது வாய்ச்சுதே!" என்பார்.

அப்போதுதான் நினைவு வந்தது. கடைசிச் சோதனைக்கு அவர் மூன்று நாள் போட்டுக் கழற்றிய பனியன்! பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை ஒட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். ஓடிப்போய் எடுத்தாள். பதற்றத்தில் உறை தாறுமாறாகக் கிழிந்தது. இடது கையிடுக்கில் முகத்தைப் புதைத்தாள்.

ஒன்றுமில்லை. கடையில் வாங்கிய புதுத்துணி மாதிரி இருந்தது.

"பாவி, நானே உங்கள இல்லாம பண்ணிட்டேனேங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பனியனை நெஞ்சோடு சுருட்டியபோது விரலில் ஒரு முடிச்சு இடறியது. சிவப்பு நூல், அவள் போட்ட தையல். ஒப்பிட்டுப் பார்க்க ஒரே பனியனில் ஒரு பாதி வெள்ளித் துணியும் மறு பாதி சாதாத் துணியும் வைத்துத் தைப்பார்கள். சாதாப் பக்கத்துக்கு அடையாளம் சிவப்பு நூல். "பாதி ஆளு மணக்குறேன், பாதி ஆளு நாறுறேன். நீ எந்தப் பக்கம் படுப்ப?" என்று கேட்டுச் சிரித்தவர் அவர். அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு இடது பக்கம் படுத்தவள் அவள்.

சிவப்பு நூல் போட்ட வலது பக்கத்தைத் திருப்பி மூச்சை இழுத்தாள். டீசலும் வேர்வையுமாக அவர் வந்துவிட்டார்.

வாசலில் நின்ற மகளிடம் அதை நீட்டினாள். முகத்தைச் சுளித்தபடி குனிந்தவளின் சுளிப்பு மெல்ல அடங்கியது.

"அப்பா..."

"போதும்டி, தீந்துடப் போகுது."

பனியனை உறைக்குள்ளே வைத்து அம்மா டேப்பைத் தேடப் போனாள். அவள் வரும்வரை கிழிந்த உறையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி மகள் அசையாமல் நின்றாள்.