முதல் அகப்பைச் சோறு

அக்காவைப் பார்க்க எனக்குச் சீட்டு விழுந்த அன்று, சந்தையே என் எண்ணெய்க் கடை வாசலில் கூடிவிட்டது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், வடக்கே விட்டுப்போன உறவை மூன்று நாள் பார்க்க அரசாங்கம் கூட்டிப்போவது நூறு பேரைக்கூட இல்லை. கொடுத்துவைத்தவள் நீ என்று மீன்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கோ வயிறு எரிந்தது. எழுபத்திரண்டு வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பெயர் கொடுத்தது நானில்லை, என் மகன் டோக்ஜே. பாட்டி சாகும்போது கேட்டுக்கொண்டதைச் செய்ய வேண்டாமா என்று அவன் நியாயம் பேசினான். அம்மா கேட்டுக்கொண்டது இதுதான்: அக்காவின் வெண்கலக் கிண்ணத்தை என்றைக்காவது அவள் கையில் சேர்க்க வேண்டும். அந்தக் கிண்ணத்தைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் சொந்த ஊர் யோன்பெக். நான் இருக்கும் க்யோடாங் தீவிலிருந்து பார்த்தால் அக்கரையில் தெரியும். நடுவில் முக்கால் மணி நேரம் துடுப்புப் போடும் தண்ணீர்தான். சண்டை மூண்ட மறு தையில், படை வருகிறது என்று பாதி ஊர் படகில் ஏறியது. எல்லோரும் மூன்று நாள் என்றார்கள். படை கடந்து போனதும் திரும்பிவிடலாம், மூன்றே நாள். அப்பா ஏற்கெனவே சண்டையில் செத்துப்போயிருந்தார். அம்மா நாலு வயதான என்னை முதுகில் துணியால் கட்டிக்கொண்டாள். பத்து வயது ஓக்புன் அக்காவைப் பெரியப்பா வீட்டில் விட்டாள், மாட்டைப் பார்த்துக்கொள்ள. அவசரத்தில் அள்ளிப்போட்ட மூட்டையில் அக்காவின் சோற்றுக் கிண்ணமும் வந்துவிட்டது. அந்த மூன்று நாள் இன்னும் முடியவில்லை. அந்தத் தண்ணீரே எல்லையாகிவிட்டது.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆள் தூரத்தில் இருந்தால், சோறு வெந்ததும் முதல் அகப்பை அவருடைய கிண்ணத்துக்குத்தான். மூடி போட்டு, அடுப்புச் சூடு தரைக்கடியில் ஓடும் மூலையில், போர்வைக்குள் வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் போன இடத்தில் அவர் பட்டினி கிடக்கமாட்டார். அம்மா ஒரு நாள் தவறியதில்லை. நாங்கள் அகதிகள், தின்றது வாற்கோதுமைக் கஞ்சி. பானையில் ஒரு பிடி வெள்ளை அரிசி விழுந்தால் அது அக்காவின் கிண்ணத்துக்குப் போகும். இல்லாத மகளுக்கு வெண்ணெய், இருக்கிற மகளுக்குச் சுண்ணாம்பு. வீட்டின் சூடான மூலையும் அவளுக்குத்தான். என் கால் அந்தப் போர்வையில் பட்டால் அடி விழும்.

அதோடு போயிற்றா? அந்தக் காலத்தில் மின்விளக்கு எரிந்தது அக்கரையில்தான். எங்கள் தீவில் மண்ணெண்ணெய்ச் சிமினி. அவர்களுக்கு அணை இருந்தது, உர ஆலை இருந்தது. வயிறாரச் சோறு, காசில்லாத பள்ளிக்கூடம், வாருங்கள் வாருங்கள் என்று அங்கிருந்து ஒலிபெருக்கி கூவும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மா சொல்வார்கள், எங்களுக்கு அது நிஜமாகவே பச்சையாக இருந்தது. அம்மா கரையில் நின்று அந்த வெளிச்சத்தைக் காட்டுவாள்.

"உங்க அக்கா அந்த வெளக்குலதான் படிச்சுக்கிட்டிருப்பா. நீ இங்க புகையில உக்காந்து எழுத்தத் தப்பாப் போடு."

எங்கள் பக்கமும் அப்போது ஒன்றும் தங்கமில்லை. தளபதிகள் ஆண்டார்கள். அக்கரையில் சொந்தம் இருக்கிற வீடு என்று போலீஸ் எங்களைக் குறித்துவைத்திருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தபால் ஆபீஸ் வேலை கிடைக்காமல் போனது அதனால்தான். ஆனால் ஒன்று: நான் ஒரு பழைய எண்ணெய் ஆட்டும் இயந்திரம் வாங்கி எள் ஆட்ட உட்கார்ந்தபோது, எதற்கு, யாருக்கு, எத்தனை படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விற்றால் சோறு, விற்காவிட்டால் என் பாடு. எண்ணெய் விற்றது. பிறகு எங்கள் தீவுக்கும் விளக்கு வந்தது. பையன்கள் தெருவில் கண்ணீர்ப்புகையைத் தின்று ஓட்டுரிமை வாங்கினார்கள். அதே வருஷம் அம்மா போனாள். அதற்குப் பிறகு அக்கரை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, கரை முழுக்க இருட்டாயிற்று. அதைப் பார்க்க அம்மா இல்லை. நான் பார்த்தேன். பாவம் என்று நினைத்தேனா? உள்ளதைச் சொன்னால், அம்மா இதைப் பார்க்காமல் போய்விட்டாளே என்றுதான் நினைத்தேன்.

அம்மாவைப் புதைத்த மறுநாளே அந்தக் கிண்ணத்துக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து நானே அதில் சாப்பிட்டேன். முப்பத்தொரு வருஷம். அதைத் தூக்கி அவளிடம் கொடுப்பதாவது!

ஆகவே டோக்ஜேவுக்குத் தெரியாமல் பெருநகரத்துக்குப் பஸ் ஏறினேன். அதே அளவு, அதே மூடி, புதுக் கிண்ணம் ஒன்று வாங்கினேன். எள் பிண்ணாக்கும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் பார்க்கக் கச்சிதமாக இருந்தது.

சந்திப்பு எல்லைக்கு வடக்கே, கும்காங் மலையடிவாரத்தில். பெரிய மண்டபம், வரிசையாக மேசைகள். எங்கள் மேசையில் ஊதாப் பட்டுப் பாவாடை கட்டிய ஒரு சின்னக் கிழவி இருந்தாள். அங்கிருந்த கிழவிகள் எல்லோருக்கும் அதே பட்டு, அரசாங்கம் கொடுத்தது. முகம் வெயிலில் கருகியிருந்தது, முன்பல் இல்லை. அவள் திரும்பிப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே அம்மா. அம்மாவின் முகத்தையும் இவளே எடுத்துக்கொண்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

கூட வந்த டோக்ஜே பெரியம்மா பெரியம்மா என்று அவள் மடியில் விழுந்தான். எனக்கு ஒரு வாய் ஊட்டாத பிள்ளை, அவளுக்கு மீனில் முள் எடுத்து ஊட்டினான். அதுவும் எனக்குக் குத்தியது. அக்கா பதக்கங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். தலைவரின் அருளால் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று கண்காணிக்க நின்றவனுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். எத்தனை பிள்ளைகள் என்று டோக்ஜே கேட்டதற்கு, ஒரு பையன், ஒரு பெண் என்றாள். இவளுக்கென்ன குறை, அப்போதும் இவள்தான் ஒசத்தி என்று நான் உள்ளுக்குள் பொருமினேன். நாங்கள் கம்பளிச் சட்டை, வலி மாத்திரை, காலுறை கொடுத்தோம். அவள் ஒரு சாராயப் புட்டியும் மேசை விரிப்பும் கொடுத்தாள். பக்கத்து மேசையிலும் அதே புட்டி, அதே விரிப்பு.

மறுநாள் அறையில் எங்களைத் தனியாக விட்டார்கள், மதியச் சாப்பாட்டோடு மூன்று மணி நேரம். சுவருக்கும் காது உண்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். டோக்ஜே வெந்நீர் வாங்க வெளியே போன நேரம் பார்த்துக் கிண்ணத்தை எடுத்தேன். அம்மா உனக்குக் கொடுக்கச் சொன்னாள் என்றேன்.

அக்கா வாங்கினாள். மூடியைத் திறந்து, விளிம்பைச் சுற்றிலும் கட்டைவிரலால் தடவினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு மெதுவாக மேசையில் வைத்தாள். தான் ஒன்பது வயதில் கிணற்றடியில் போட்டு நசுக்கிய இடம் இதில் இல்லையே என்றாள். அந்த நெளிவு எனக்குத் தெரியாதா? தினமும் என் உதடு படுகிற இடம். அங்கே நெளிந்தது அவளால்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அது படகில் அடிபட்டது, அவளுக்குத் தெரிந்திருக்காது என்றே நினைத்திருந்தேன்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதல் அகப்பை, சூடான மூலை, நான் வாங்கிய அடி. கடைசியில் அந்த விளக்குகளையும் சொன்னேன். அக்கா விளக்கில் படிக்கிறாள் படிக்கிறாள் என்று சொல்லிச் சொல்லியே அம்மா என்னைக் கொன்றாள் என்றேன்.

"எந்த வெளக்கு?" என்றாள்.

யோன்பெக் கரை விளக்கு என்றேன். அக்கா சுவரை ஒரு பார்வை பார்த்தாள். மண்டபத்தில் பேசிய அதே சத்தமான குரலில், தலைவரின் அருளால் அம்பத்தெட்டாம் வருஷமே தன்னை நல்ல காற்றுள்ள வடக்கு மலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள். அம்மா தெற்கே போன வீட்டுப் பிள்ளை கரையோரம் இருக்கலாமா, கூடாது. மேல்படிப்பு அப்படிப்பட்டவர்களுக்கு எதற்கு, வேண்டாம். சுரங்கம் கொடுத்தார்கள், சுரங்கத்தில் வேலை செய்கிற மாப்பிள்ளையும் கொடுத்தார்கள், எல்லாம் அருளால்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷம் அம்மா பார்த்துப் பார்த்து உருகிய வெளிச்சத்தில் இவள் இல்லவே இல்லை. ஆளில்லாத கரையைப் பார்த்து அம்மா அழுதிருக்கிறாள், நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அக்கா என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். நேற்று இரண்டு பிள்ளைகள் என்றவள், இப்போது மடிக்குள் மூன்று விரலைக் காட்டினாள். பிறகு ஒன்றை மடக்கினாள். வாயை என் காதோடு வைத்தாள்.

"தொண்ணூத்தேழுல. ரேஷன் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. விக்கிறதுக்குக் கைல ஏதாவது இருந்தாலும், வித்தா ஜெயிலு. மரப்பட்டைய அரைச்சு ஊட்டினேன். சின்னவளுக்கு ஒத்துக்கல."

தொண்ணூற்றேழு. அந்த வருஷம் நான் இரண்டாவது இயந்திரம் வாங்கினேன். அந்தக் கிண்ணம் பத்து வருஷமாக என்னிடம்தான் இருந்தது. அதில் அவளுக்கென்று ஒரு அகப்பை சோறு விழவில்லை. போர்வைக்குள் சோறு வைத்தால் எங்கோ ஒரு மலையில் பசி ஆறும் என்பதை நான் நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் அந்தப் பத்து வருஷத்தையும் விரல் மடக்கி எண்ணினேன்.

"எனக்கு உன் மேல ஆயுசுக்கும் வயித்தெரிச்சல்டி," என்றாள் அக்கா, காதுக்குள்ளேயே. "அம்மா உன்ன முதுகுல கட்டிக்கிட்டா. என் கைல மாட்டுக் கயித்தக் குடுத்தா. மூணு நாள்னா. நான் மூணு மாசம் அந்தக் கயித்த விடல."

அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, தன் சோற்றில் பாதியை எடுத்து என் பெட்டியில் வைத்தாள். பிறகு, ஏதோ கணக்கு இடிக்கிற மாதிரி நிமிர்ந்தாள்.

"ஏண்டி, எனக்குன்னு அம்மா தினமும் வெச்ச அந்தச் சோத்த, சாயங்காலம் யாரு தின்னா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. சாயங்காலம் அம்மா போர்வையை விலக்கி, ஆறிப்போன சோற்றை எடுத்து, வாடி இங்கே என்பாள். தான் ஒரு பருக்கை வாயில் போடமாட்டாள். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே, அவ மிச்சத்தை நான் தின்னணுமா என்று முணுமுணுத்துக்கொண்டே, கிண்ணத்தை வழித்து நக்குவேன். அந்த வீட்டில் வெள்ளைச் சோறு தின்று வளர்ந்தது ஒரே ஒருத்திதான்.

"நான்தான்க்கா."

அக்கா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அவளைவிட நான் ஒரு சாண் உயரம். பல்லில்லாத வாயால் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அதானே பாத்தேன். என் சோத்தத் தின்னுட்டுத்தான் இந்த வளத்தி வளந்தியா?"

பழைய கிண்ணத்தை அடுத்த முறை கட்டாயம் கொண்டுவருகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். அடுத்த முறை என்று ஒன்று யாருக்கும் இல்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும். அது உன்னிடமே இருக்கட்டும் என்றாள். புதுக் கிண்ணத்தை மடித்த மேசைத்துணியில் சுற்றி இடுப்போடு வைத்துக்கொண்டாள். இது நல்ல கனம், ஒரு மாதச் சோளத்துக்கு ஆகும் என்று காதில் சொன்னாள். நான் ஏமாற்ற வாங்கியதுதான் அவளுக்கு உதவியது.

மூன்றாம் நாள் அவர்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் ஜன்னலைத் தட்டிக்கொண்டே ஓடினேன். கண்ணாடி திறக்கவில்லை. அக்கா உள்ளேயிருந்து ஒரு கையைக் கிண்ணம் போலக் குவித்து, மறு கையால் அள்ளி வாயில் போட்டுக் காட்டினாள். பிறகு என்னை நோக்கி விரல் நீட்டினாள். தின்னு என்கிறாள். மண்டபத்தில் அவள் மடியில் விழுந்த டோக்ஜே, இப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வீட்டுக்கு வந்த அன்றே சோறு வடித்தேன். முதல் அகப்பையைக் கிண்ணத்தில் போட்டு, மூடி, சூடான மூலையில் போர்வைக்குள் வைத்தேன். இன்றுவரை ஒரு நாள் தவறவில்லை. சாயங்காலம் அக்கரை இருட்டியதும் போர்வையை விலக்கி எடுக்கிறேன். ஆறின சோறு இந்த வயதில் செரிக்காது, சூடாக வேறு போட்டுத் தருகிறேன் என்று மருமகள் தினமும் சொல்கிறாள். கேட்பதில்லை. நெளிந்த விளிம்பில் வாயை வைத்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் அக்காவின் சோற்றைத் தின்கிறேன்.