சகலையின் ஹாட்ஸ்பாட்

முத்தியால்பேட்டையில் சுடர்விழியின் வீடு இருக்கும் தெருவில் வாய்க்கால் தோண்ட வந்தவர்கள் முதல் நாளே இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். அறுந்ததைச் சுருட்டி அழகாக ஓரத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கேபிள்காரரைக் கூப்பிட்டபோது, இப்போது புதிதாக இழுத்தால் அதையும் அறுப்பார்கள், அதனால் வாய்க்கால் வேலை முடிந்ததும் வருகிறேன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் அவரோடு சண்டை போடக்கூட வழியில்லை.

வேறு சமயமாக இருந்தால் சுடர்விழி இதற்கெல்லாம் கவலைப்பட்டிருக்க மாட்டாள். ஆனால் அக்கா கார்குழலியும் அவள் கணவர் ராஜவேலும் பிரான்சிலிருந்து வந்திருந்த வாரம் அது. ராஜவேல் சொல்தா வீட்டுப் பிள்ளை. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் வந்த குடியுரிமை. பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் பழுது பார்க்கும் வேலை. நல்ல மனிதர். வந்த மறுநாளே மாமியார் மணியம்மாளுக்கு நேரு வீதியில் பெரிய டிவி ஒன்று வாங்கி வந்து சுவரில் மாட்டினார். பழைய டிவி போனதிலிருந்து மணியம்மாள் கைப்பேசியில்தான் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிவி மாட்டியாயிற்று, இன்டர்நெட் இல்லை. வீட்டில் வைஃபை இருக்கிறதே என்று மணியம்மாளும் சுடர்விழியின் கணவன் இனியவனும் பேசுவதற்கு மட்டும்தான் ரீசார்ஜ் செய்திருந்தார்கள். ராஜவேல் சட்டைப் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தார். அது கம்பெனி கொடுத்தது; வெளிநாட்டுக்கும் சேர்த்து பேக் போட்டிருக்கிறார்கள், அதில் பாதியைக்கூட நான் தொட்டதில்லை என்றார். ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, டிவியிலும் மாமியார் கைப்பேசியிலும் சகலையின் கைப்பேசியிலும் தன் கையாலேயே பாஸ்வேர்டை அடித்தார். டிவியில் படம் வந்தது. மணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சுடர்விழி வேலைக்குப் போய்விட்டாள். மேட்டுப்பாளையத்தில் மாத்திரை பாக்கெட் போடும் யூனிட்டில் அவள் சூப்பர்வைசர். வீட்டில் நடந்தது பிறகு அவளுக்குச் சொல்லப்பட்டதுதான். வஞ்சிர மீன் குழம்பு சாப்பிட்டார்கள், சாப்பிட்டதும் எல்லாரும் படுத்தார்கள், தூங்கினார்கள், எழுந்து டீ குடித்தார்கள். அவ்வளவுதான். சொல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடவில்லை. ராஜவேல் கைப்பேசியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது. பேக் தீர்ந்து, அதற்கு மேலும் டேட்டா ஓடி, ஒரே மத்தியானத்தில் ஃபக்தூர் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தொடும் அளவுக்கு ஏறிவிட்டது. பில்லை அவர் ஃபக்தூர் என்றுதான் சொல்வார். அன்றைக்கு அந்தச் சொல் மற்ற நாளைவிடக் கனமாக விழுந்தது. விடுமுறையில் இருப்பவர் கம்பெனி எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

“யாரையும் குத்தம் சொல்லல சுடரு,” என்றார் ராஜவேல். “இன்னா பண்ணேன்னு ஆபீசுக்கு எழுதணும். தெரிஞ்சாதானே எழுத முடியும்.”

குற்றம் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். கார்குழலி தன் தங்கச்சி வீட்டுக்கு வந்த இடத்தில் இப்படியொரு விசாரணை நடப்பது பிடிக்காமலும், நடக்காமல் இருந்தால் புருஷன் வேலைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்திலும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். மணியம்மாளின் முறை வந்தது. அன்றைக்கு என்ன பார்த்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாள், பார்த்துவிட்டு நிறுத்தினாளா, நிறுத்தாமல் அப்படியே தூங்கிவிட்டாளா என்று மாப்பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டார். ஒரு சீரியல் பார்த்தேன் என்றாள் மணியம்மாள். பிறகு ரெண்டாக இருக்கலாம் என்றாள். நிறுத்தினேனா என்று ஞாபகம் இல்லை என்றாள். கை நடுங்கியதால் அதை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சுவரோரம் உட்கார்ந்திருந்த இனியவன் வாயைத் திறந்தான்.

“நான்தான் சகல. மத்தியானம் படம் பாத்தேன். ரெண்டு படம். வைஃபைதானேன்னு இருந்துட்டேன்.”

கேட்டவர்கள் உடனே நம்பிவிட்டார்கள். இனியவன் சேதராப்பட்டில் வேலை பார்த்த பிளாஸ்டிக் கம்பெனியை மூடி மாதங்கள் ஆகிவிட்டன. அதிலிருந்து அவன் வீட்டில்தான். சமைப்பான், துணி துவைப்பான், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான். மீதி நேரம் கைப்பேசியும் கையுமாக இருப்பான். வேலை தேடுவதாகச் சொல்வான். ராஜவேல் பெருமூச்சு விட்டு, ‘சரி சகல, சொன்னதே போதும்’ என்று எழுந்துகொண்டார். கார்குழலி தங்கையைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் சுடர்விழியால் தாங்க முடியவில்லை.

படுக்கப் போகும்போது அவனைக் கேட்டாள். ஊரே உழைக்கிற மத்தியானத்தில் ரெண்டு படம் பார்க்க உனக்கு எப்படி மனசு வந்தது, என் அக்கா முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்று, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில், ஆனால் ஒன்றையும் விடாமல் கேட்டாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதை அவள் திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் அவன் வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போய்விட்டான். கைப்பேசி சார்ஜில் கிடந்தது. அப்படி என்ன படம் என்று பார்த்துவிடலாம் என அவள் அதை எடுத்தாள். திட்டுவதற்குப் பெயர் தெரிந்திருந்தால் வசதி. திரையில் கடிகாரம் பெரிதாக, வேறு மாதிரி எழுத்தில் இருந்தது. ஆப்களின் படங்களெல்லாம் இடம் மாறியிருந்தன. படம் பார்க்கும் ஆப்பைத் திறந்தாள்; கடைசியாகப் பார்த்தது போன வாரம், பைப் ஒழுகினால் எப்படி அடைப்பது என்ற வீடியோ. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அழித்துவிட்டானோ என்று சந்தேகப்பட்டு, எந்த ஆப் எவ்வளவு டேட்டா தின்றது என்று காட்டும் பக்கத்துக்குப் போனாள். படம் பார்க்கும் ஆப் பட்டியலின் அடியில் கிடந்தது. உச்சியில் இருந்தது சிஸ்டம் அப்டேட்.

அவள் மணியம்மாளின் கைப்பேசியை எடுத்தாள். அது தமிழில் பேசும் கைப்பேசி. ‘உங்கள் மென்பொருள் வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று வாழ்த்து சொன்னது. டிவியைப் போட்டாள். டிவியும், புதிய பதிப்புக்கு வரவேற்கிறோம் என்று சொல்லி, என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டத் தொடங்கியது. எல்லாரும் தூங்கிய அந்த மத்தியானத்தில் வீட்டில் இருந்த கருவிகள் ஒன்றுவிடாமல் உழைத்திருக்கின்றன.

மீனோடு திரும்பி வந்த இனியவனை அவள் பின்கட்டிலேயே நிறுத்தினாள்.

“நீ படமே பாக்கல,” என்றாள்.

அவன் பையைக் கீழே வைத்தான். “அத்தை கை நடுங்குச்சு. இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா அழுதுடும். நான்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க.”

“இன்னாத்துக்குக் கேக்க மாட்டாங்க?”

“என்னைப் பத்தி அப்படித்தானே எல்லாரும் நெனைக்கறாங்க.” அவன் மீனை அலசுவதற்கு வாளியை இழுத்தான். “நீகூடத்தான்.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்குச் சங்கரா மீன் நன்றாக இருந்தது என்று சொல்வதுபோலத்தான் சொன்னான். ராத்திரி தான் அவனிடம் சொன்னதெல்லாம் சுடர்விழிக்கு நினைவு வந்தது. அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அரிவாள்மனையை எடுத்தாள். நீ கிளம்பலியா, பஸ் போயிடும் என்றான். போகட்டும் என்றாள்.

அக்கா வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றான் இனியவன். டிவி வாங்கித் தந்தது அவர், பாஸ்வேர்டு அடித்தது அவர். இப்போது போய் உங்கள் டிவிதான் என்றால் மனசு கஷ்டப்படும், ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதாக இருக்கட்டும் என்றான். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு நேராகக் கூடத்துக்குப் போய், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜவேலின் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

ராஜவேல் கை கழுவிக்கொண்டு வந்து தன் கைப்பேசியைத் திறந்தார். ஹாட்ஸ்பாட் பக்கத்துக்குள் போய்த் தேடினார். எந்தக் கருவி எவ்வளவு எடுத்தது என்று அதில் இருந்தது, பிரெஞ்சில். மாமியார் கைப்பேசி கொஞ்சம், சகலை கைப்பேசி அதைவிடக் கொஞ்சம் அதிகம். மூன்றாவதாக இருந்ததை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த டிவியைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

“நான் வாங்கினது,” என்றார் கடைசியில்.

பிறகு இனியவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் தமிழிலும் சொல்லவில்லை, பிரெஞ்சிலும் சொல்லவில்லை. எப்படி இப்படி ஆச்சு சகல, கொஞ்சம் சேர்ந்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். கார்குழலி சமையலறைக்குப் போய் இனியவனுக்கு ஒரு தட்டில் இட்லி வைத்துக் கொண்டுவந்தாள். அவன் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தான். ஆனாலும் வாங்கிச் சாப்பிட்டான்.

அந்தக் காலை முழுக்க இரண்டு சகலைகளும் தரையில் உட்கார்ந்து வீட்டிலிருந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சூட்சுமம் ஒன்றுதான். வைஃபை இருந்தால் மட்டும் அப்டேட் செய் என்றுதான் எல்லாக் கருவியிலும் இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டும் அவற்றின் கண்ணுக்கு வைஃபைதான். அதன் பின்னால் ஒரு மனிதனின் சம்பளம் நிற்பது அவற்றுக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். கைப்பேசிகளில் ராஜவேலின் ஹாட்ஸ்பாட் பெயரைத் தொட்டு, அது ‘அளவிடப்பட்ட இணைப்பு’, அதாவது அளந்து காசு வாங்கும் இணைப்பு, என்று மாற்றினார்கள். தானாக அப்டேட் ஆவதை அணைத்தார்கள். ஆப்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதை வேறொரு இடத்தில் தனியாக அணைக்க வேண்டியிருந்தது. போட்டோக்கள் தாமாக இன்டர்நெட்டில் ஏறிப் போவதை அணைக்க இன்னொரு இடம். டிவியில் அதை அணைக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் இருவருக்கும் பசித்துவிட்டது. அணைத்தபோது, ‘பரிந்துரைக்கப்படவில்லை, நிச்சயமாகவா?’ என்று டிவி கேட்டது. நிச்சயமாக என்றார் ராஜவேல், அதைப் பார்த்தே. பிறகு ஹாட்ஸ்பாட்டையும் அணைத்தார். இனியவன் நடந்துபோய் மாமியார் கைப்பேசிக்கு டேட்டா ரீசார்ஜ் போட்டு வந்தான். பிரெஞ்சுக்காரர்கள் கேட்டதோடு ஒப்பிட்டால் அது ஒரு தேங்காய் விலை.

விளக்கக் கடிதம் எழுதுவதுதான் சிரமமாக இருந்தது. ‘என் மனைவியின் தாயாரின் தொலைக்காட்சி, நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கையில், தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது’ என்று பிரெஞ்சில் எழுதிவிட்டு ராஜவேல் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையாக இருந்தாலும் பொய்போல இருக்கிறது என்றார். இனியவன் திரைகளைப் போட்டோ எடுத்துச் சேர்த்துக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சுடர்விழியும் இனியவனும் கடற்கரைக்குப் போனார்கள். ரொம்ப நாளாகச் சேர்ந்து போகவில்லை. அவள் மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தில் போனாள். வேறு என்னென்னவோ பேசிவிட்டு, கடைசியில் கேட்டாள். அவன் சரி விடு என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அடுத்த தடவை மொதல்ல என்னைக் கேளு,” என்றான். கேட்கிறேன் என்றாள்.

பதில் வந்தது அக்காவும் ராஜவேலும் ஊர் திரும்பிய பிறகு. கார்குழலிதான் போன் போட்டுச் சொன்னாள். இணைப்பு கொடுத்த நிறுவனம் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டது. மிச்சத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அதோடு மேலாளர் அந்தக் கடிதத்தை, வெளிநாடு போகிறவர்கள் கவனத்துக்கு என்று தலைப்புப் போட்டு, எல்லா லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கும் அனுப்பிவிட்டாராம். ராஜவேல் எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும் மாமியார் டிவி சௌக்கியமா என்று கேட்கிறார்களாம்.

சுடர்விழி இதை அம்மாவிடம் சொன்னாள். மணியம்மாள் சீரியலின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள்.

“அதுல எம் பேரு போட்டிருக்காங்களா?”

“இல்லம்மா. மனைவியோட தாயார்னுதான் இருக்கு.”

“பேரையே போட்டிருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு மணியம்மாள் சத்தத்தைக் கூட்டினாள்.