சோளக்காட்டில் ஆறு மணி

கொஸ்லந்தையிலிருந்து வளைவு வளைவாக இறங்கி, குளிர் விட்டு, காது அடைத்து, வெல்லவாயவையும் தாண்டிப் போனால் சோளக்காடு. அங்கே ஒரு செடி தென்னை உயரம் இருக்கும். கதிர் ஒவ்வொன்றும் மூன்று மாதப் பிள்ளை பருமன். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அதற்குள் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பேசட்டும். நான் நின்றவன்.

தேயிலை மலையில் முப்பத்தைந்து வருடம் கங்காணி நான். கொழுந்து பறிக்கும் பெண்களை நிரை பிடித்து நிறுத்தி வேலை வாங்கினேன். சிங்கராயர் கங்காணி கத்தினால் அடுத்த தோட்டத்துக் காக்காய்கூட மரத்தை விட்டுப் பறக்கும் என்பார்கள். ஓய்வு கொடுத்த பிறகு அதட்ட ஆள் இல்லை. வீட்டுக் கோழிகளை எத்தனை நாள்தான் அதட்டுவது? எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேர் லொறியில் சோளக்கதிர் ஒடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மேற்பார்வைக்கு நானும் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை.

காட்டைச் சுற்றி யானை வேலி, வெளியே போக ஒரே ஒரு படலைக் கதவு. காட்டுக்காரன் தினேஸ் காலையிலேயே சொல்லிவிட்டான்:

"சரியா ஆறு மணிக்குக் கரண்டு போட்டுப் படலையப் பூட்டிருவேன். அதுக்குப் பிறகு உள்ள நிக்கிறவங்க விடிஞ்சாத்தான் வெளிய. போன கிழமை ஒரு தனியன் யானை மரத்தைத் தள்ளி வேலி மேல போட்டுட்டு உள்ள வந்துருச்சி. அதையும் சொல்லி வைக்கிறேன்."

லொறிக்கார றுஷ்தியும் தன் பங்குக்கு, மலையில் பனி இறங்குமுன் வண்டியை ஏற்றவேண்டும், ஆறுக்கு மேல் ஒரு நிமிடமும் நிற்கமாட்டேன் என்றான்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. எல்லாரும் வந்த பாதையில் சுற்றிக்கொண்டு படலைக்குப் புறப்பட்டார்கள். எனக்குத்தான் சுற்றிப் போவது பிடிக்காதே.

"நான் குறுக்கால போறேன். நீங்க வந்து சேரும்போது நான் லொறியில உக்காந்திருப்பேன்."

"நானும் உங்க கூடவே வாரேங்க ஐயா" என்றாள் இராக்கம்மா. என்னிடம் இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்தவள். என்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று பூரித்துப் போனேன்.

தேயிலைக்குள் வழி தவற முடியாது. செடி இடுப்பளவு, தலை வெளியே இருக்கும். கீழே இறங்கினால் ரோட்டு, மேலே ஏறினால் ரோட்டு. இங்கே கீழும் இல்லை, மேலும் இல்லை. நிரைகூட இல்லை, குச்சியால் குத்தி மனம்போனபடி விதைத்த காடு. என் காலத்தில் இப்படி நட்டிருந்தால் நட்டவனை நிரையாக நட்டிருப்பேன்.

கொஞ்ச தூரம் நடந்ததும் பழைய லொறி டயரைத் தலையில் மாட்டிய ஒரு வெருளிப் பொம்மை வந்தது. பொம்மையைத் தாண்டி நடந்தோம். சோள இலை இரண்டு பக்கமும் முழங்கையை அறுத்தது. காற்று இல்லை. மேலே முகத்தளவு வானம், அதிலும் மேகம். மலை எந்தப் பக்கம், பொழுது எந்தப் பக்கம் என்று ஒன்றும் தெரியவில்லை. மறுபடி டயர் தலையுடன் ஒரு பொம்மை.

"இந்தக் காட்டுக்காரன் கெட்டிக்காரன். ரெண்டு பொம்மை வச்சிருக்கான்" என்றேன்.

இன்னும் நடந்தோம். மூன்றாவது பொம்மை.

"மூணு பொம்மைக்கும் ஒரே எடத்துலயா ஐயா சட்டை கிழிஞ்சிருக்கு?" என்றாள் இராக்கம்மா.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என் புகழ்பெற்ற குரலில் கத்தினேன். மலையென்றால் அது நாலு பக்கமும் மோதி, நலம் விசாரித்துவிட்டுத் திரும்பி வரும். இங்கே வாயை விட்டு வெளியே வந்த சத்தத்தை முதல் செடியே விழுங்கிவிட்டது. இரண்டாம் முறை கத்தினேன். மூன்றாம் முறை கத்தும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. எங்கோ லொறி ஹாரன் அடித்தது. அது எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. பின்னால் எதுவோ ஒரு தட்டையை முறித்தது. மயிலாக இருக்கலாம், பன்றியாக இருக்கலாம். மூன்றாவது ஒன்றையும் நினைத்தேன், சொல்லவில்லை.

இராக்கம்மா சாக்கை விரித்துப் பொம்மைக் காலடியில் உட்கார்ந்தாள்.

"எந்திரி புள்ள. ஆறு மணிக்கு அஞ்சு நிமிசந்தான் இருக்கு."

"யாரு கடியாரத்துல?"

நான் கடிகாரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு விசயம் சொல்லவேண்டும். தொண்ணூற்று மூன்றில் ஒரு காலை. பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்தேன். இராக்கம்மா கூடையோடு ஓடி வந்தாள். நான் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, பத்து நிமிடம் பிந்திவிட்டாய், தூங்குமூஞ்சிக்கு இங்கே வேலை இல்லை, வீட்டுக்குப் போ என்று இருநூறு பேர் முன்னால் விரட்டினேன். சிரித்தார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். அன்று மத்தியானம் ஃபெக்டரிச் சங்கு ஊதும்போது பார்த்தேன். என் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது.

சொல்லவில்லை. தப்பை ஒத்துக்கொண்ட கங்காணியை மறுநாளே பெரட்டு மென்று துப்பிவிடும். கடிகாரத்தைத் திருத்தவும் இல்லை. திருத்தினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகுமே. அன்றிலிருந்து அது பத்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது. மாதா கோயில் பூசைக்கு ஒரு நாளும் நான் பிந்தியதில்லை. சாமியாரே என்னைப் பார்த்துத்தான் அவசரமாக அங்கி மாட்டுவார்.

"அன்னைக்கு எங்க காம்பராவுல ரேடியோ மணி சொன்ன பிறகுதான் நான் வெளிய கால வச்சேன்" என்றாள் இராக்கம்மா. "அதுக்கப்புறம் எனக்குப் பேரே தூங்குமூஞ்சி. என் மக கல்யாணத்துலகூட மாப்பிள வீட்டுக்காரங்க அப்புடித்தான் விசாரிச்சிட்டு வந்தாங்க, தூங்குமூஞ்சி வீடு எதுன்னு."

"அதுக்கு இப்ப என்னாங்கிற? யானை வந்து பஞ்சாயத்து பண்ணுமா?"

"வெளிய போற வழி எனக்குத் தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சிக்கிட்டேயா சுத்துற?"

"நீங்க ரெண்டு சுத்து சுத்துற வரைக்கும் பேசக்கூடாதுன்னு இருந்தேன். சொல்லுங்க. அன்னைக்கு நடந்த உண்மைய, அன்னைக்குக் கத்துன மாதிரியே சொல்லணும்."

"இங்க யாரு இருக்கா கேக்க?"

"நான் இருக்கேன்ல?"

பின்னால் இன்னொரு தட்டை முறிந்தது, இந்தமுறை கிட்டத்தில். அவள் சாக்கின் ஓரத்தை நிதானமாக மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருடம் விழுங்கி வைத்தது தொண்டைக்கு வந்தது. வானத்தைப் பார்த்துக் கத்தினேன்:

"இராக்கம்மா பிந்தி வரல. என் கடியாரந்தான் முந்தி ஓடிச்சி. அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு எழுந்து சாக்கை உதறினாள்.

"அப்ப இன்னும் கால் மணித்தியாலம் இருக்கு. வாங்க."

ஒரு செடியைக் காட்டினாள். இலை நுனி கிள்ளியிருந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"நாப்பது வருசம் கிள்ளுன கை. சும்மா தொங்கிக்கிட்டு வராதுங்க. பொம்ம வரைக்கும் கிள்ளிக்கிட்டே வந்தேன். அதுக்குப் பிறகு நீங்க சுத்துன சுத்துக்குக் கிள்ளல."

அவள் முன்னால் போனாள். நான் அவள் பிடித்த நிரையில் பின்னால் போனேன். கிள்ளிய இலைகள் கதிர் ஒடித்த இடத்துக்குக் கொண்டுபோய்விட்டன. அங்கிருந்து பாதை, பாதை முடிவில் படலை. தினேஸ் பூட்டோடு நின்றான். நாங்கள் வெளியே வர, அவன் பூட்டினான். வேலி உறுமத் தொடங்கியது.

லொறியில் பதினொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். றுஷ்தி மட்டும் சிரித்தான்.

"ஹாரன் அடிச்சி அடிச்சிப் பாத்துட்டுப் போகத்தான் இருந்தேன். நல்லவேளை, ஐயாட சத்தம் கேட்டுச்சி."

"எந்தச் சத்தம்?"

"கடியாரம் முந்தி ஓடிச்சின்னு."

உதவிக்கு மூன்று முறை கத்தியதை விழுங்கிய காடு, இதை மட்டும் ஓர் எழுத்துச் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

நடுவில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். றுஷ்தி பின்கதவைத் தூக்கிக் கொக்கி போட்டான். கொஸ்லந்தைக்கு ஒன்றரை மணி நேரம், முழுவதும் ஏற்றம், இடையில் இறங்க இடமில்லை.

முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில், என்னிடம் கொழுந்து பறித்த இன்னொருத்தி, கருப்பம்மா, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

"கங்காணி ஐயா, எனக்கு வருசம் ஞாபகமில்ல. ஆனா அது ஒரு செவ்வாக்கெழம."