இரண்டு தரம் சொன்ன சங்கீதம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை, பஸ்ஸில் கிடைத்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்துகொண்டிருந்தேன். பின் சீட்டில் இரண்டு பெண்கள். "சர்ச்சு கேம்ப்ல ஃபுட்பால் ஆடப் போன அய்யங்கார் வீட்டுப் பொண்ணு, பைபிள் வசனப் போட்டியில எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுடுச்சாம்" என்றாள் ஒருத்தி. "அப்பறம்?" என்றாள் மற்றவள். அதற்குள் திருவானைக்காவல் வந்துவிட்டது, இரண்டு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. பாதிக் கதையைக் காதில் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு டிக்கெட்டே கொடுக்கக் கூடாது. மீதியை நானே எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆகவே இனி வருவதெல்லாம் புளுகு.

2

முதல் தொடக்கம்: 'காவிரிப் பாலத்தின் மீது மே மாத வெயில் உருகி வழிந்த அந்தக் காலையில்...'

வேண்டாம். திருச்சியில் மே மாதம் வெயில் அடித்தது என்பது ஒரு செய்தியா?

இரண்டாம் தொடக்கம்: 'மதம் என்பது மனிதனுக்கு...'

ஐயய்யோ. இந்த வாக்கியத்தை முடித்தால் என்னை ஏதாவது கருத்தரங்குக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மூன்றாம் தொடக்கம்: 'பிரான்சிக்கு விசில் ஊத வரும், பொய் சொல்ல வராது.'

இது தேவலை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

பிரான்சிக்கு விசில் ஊத வரும், பொய் சொல்ல வராது. வையம்பட்டிக்காரி. காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபை கோடை விடுமுறையில் நடத்தும் இலவச முகாமில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து கோச். சின்ன வயதில் அவளும் இப்படி ஒரு முகாமுக்குப் பந்துக்காகத்தான் போனாள். பந்தும் கிடைத்தது, கர்த்தரும் கிடைத்தார். இரண்டில் எதை விடச் சொன்னாலும் உட்கார்ந்து அழுவாள்.

முகாமில் காலையில் ஆட்டம். வெயில் ஏறியதும் மரத்தடியில் பாட்டு, ஒரு கதை, ஒரு மனப்பாட வசனம். கோல் போட்டால் அணிக்கு ஐந்து பாயின்ட். வசனம் சொன்னாலும் ஐந்து பாயின்ட். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் பாஸ்டர் ஆசீர். பந்துக்காக வருகிற பிள்ளை பாயின்டுக்காக வசனம் படிக்கும், வசனம் தானாக உள்ளே போய் வேலை செய்யும் என்பது அவர் நம்பிக்கை.

(ஆசீரை நான் முதலில் வில்லனாகத்தான் வைத்திருந்தேன். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கார், கனத்த குரல் எல்லாம் கொடுத்தேன். பிறகு ஒரு காட்சியில் அவர் குனிந்து ஒரு பெண்ணின் ஷூ லேஸைக் கட்டிவிட்டார். நான் எழுதச் சொல்லவில்லை, அவராகவே கட்டினார். அதற்கு மேல் அந்தக் காரில் அவரை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது பழைய ஸ்கூட்டியில் வருகிறார்.)

4

அந்த முகாமின் கோல்கீப்பர் வகுளா. எட்டாம் வகுப்பு முடித்தவள், வீடு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில். அப்பா சம்பத்துக்கு பாங்க் உத்தியோகம். கோயிலில் விசேஷ நாள் வந்தால் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பவர். சேவிப்பது என்றால் மனப்பாடமாக, குரல் சேர்த்து, ஓர் எழுத்து பிசகாமல் சொல்வது. லீவில் பெண் மொபைலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாளே என்ற கவலையில் போஸ்டரைப் பார்த்து அவரே கொண்டுவந்து விட்டார். போஸ்டரில் 'விளையாட்டும் நற்போதனையும்' என்று போட்டிருந்தது. நற்போதனை என்றால் நகம் கடிக்காதே, பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று அவர் எடுத்துக்கொண்டார். எல்லாருக்கும் முட்டை கொடுத்தபோது வகுளாவுக்குத் தனியாக வாழைப்பழம் கொடுத்தார்கள், அதில் அவருக்கு ரொம்பத் திருப்தி.

மற்ற பிள்ளைகள் நாளுக்கு ஒரு வசனம் படித்துக்கொண்டிருந்தபோது வகுளா பைபிளில் சங்கீதம் என்கிற துதிப் பாட்டுகளில் ஒன்றை முழுசாகவே படித்துக்கொண்டு வந்தாள். (எந்தச் சங்கீதம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு அதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.) கண்ணை மூடினாள், கையைக் கூப்பினாள். முதல் வசனத்தை இரண்டு தரம் சொன்னாள். நடுவில் எங்கும் தடுக்காமல் போய், கடைசி வசனத்தையும் இரண்டு தரம் சொல்லி முடித்தாள். ஞாயிறுதோறும் சபைக்கு வருகிற பிள்ளைகளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன.

ஆசீர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், கவனிச்சீங்களா? கடைசி வசனத்தை ரெண்டு தரம் சொல்லுச்சு அந்தப் புள்ள. இத்தனை வருஷமா பிரசங்கம் பண்றேன், எனக்கே அப்படி வந்ததில்ல. கர்த்தர் பேசறாரு."

பிரான்சிக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் கேட்டுவிடலாமே என்று வகுளாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஏம்மா ரெண்டு தடவ சொன்ன?"

"எங்காத்துல அப்படித்தான் சேவிப்பா மிஸ். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ரெண்டு தரம். இல்லேன்னா அப்பா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுவார்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ரெண்டு தரம் சொன்னதுக்கு ரெண்டு மடங்கு பாயின்ட் உண்டா மிஸ்?"

5

பிரான்சி இதைப் போய் ஆசீரிடம் சொன்னாள். அவர் முகம் தொங்கிப்போனது.

"நான் சபைக் கமிட்டிக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிட்டேனே. கடைசி நாள் மைக்குல, கர்த்தர் தன்னைத் தொட்டாருன்னு சாட்சி சொல்லப் போறான்னு வேற..."

"அது பழக்கம் பாஸ்டர். சாட்சி இல்ல."

"பழக்கத்து வழியாவும் அவர் வருவாரு சிஸ்டர். நீங்க பந்து வழியா வரலையா?"

பிரான்சி பந்துகளை எண்ணிப் பையில் போட ஆரம்பித்தாள். (வில்லனாகவே விட்டிருந்தால் இப்படி மடக்கியிருக்க மாட்டார்.)

சிக்கல் என்னவென்றால், கடைசி நாள் ஆட்டத்துக்கு ரஞ்சனி வருகிறாள். துவாக்குடிப் பக்கம் பெண்கள் கிளப் நடத்துகிற கோச். வகுளா அவள் கண்ணில் பட்டால் வருஷம் முழுக்க ஆட இடம் கிடைக்கும். பெற்றவர்களும் அன்றைக்கு வருவார்கள். சம்பத் வந்து உட்கார்ந்திருக்கும்போது, முன்னறிவிப்பே இல்லாமல் பெண் மைக் முன்னால் சங்கீதம் சொன்னால் என்ன ஆகும்? அதோடு பந்தும் போச்சு, வகுளாவும் போச்சு. சொல்லாமல் மைக்கில் ஏற்றுவதும் பிரான்சிக்கு ஃபவுலாகத்தான் பட்டது. நடுவர் பார்க்கவில்லை என்பதற்காக ஃபவுல் ஃபவுல் இல்லாமல் போய்விடுமா?

ஆகவே அவள் வகுளாவின் வீட்டுக்குக் கிளம்பினாள்.

என் கதைகளை முதலில் படிக்கிற நண்பர் ஜமால் இந்த இடத்தில் கையெழுத்துப் பிரதியைக் கீழே வைத்துவிட்டார். "எந்தக் கோச்சுய்யா தானா வீடு தேடிப் போயி மாட்டிக்குவா? பேசாம அவளுக்குக் காய்ச்சல்னு எழுதிடுங்க" என்றார். எழுதிப் பார்த்தேன். பிரான்சி காய்ச்சலோடும் போகிறாள். நான் என்ன செய்ய?

6

சம்பத் பாங்கிலிருந்து வந்து அப்போதுதான் வேட்டி மாற்றியிருந்தார்.

"வாங்கோ வாங்கோ. கோச் மேடம்னா? காபி சாப்பிட்டுண்டே பேசலாம்."

காபியைக் குடித்துவிட்டுச் சொன்னால் நன்றிகெட்டதனமாகிவிடும் என்று அது வருவதற்கு முன்பே பிரான்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வசனம், பாயின்ட், மைக், கமிட்டி, ஒன்று விடவில்லை.

இதற்குச் சம்பத் என்ன செய்தார் என்று இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் அவர் கத்துகிறார், தெருவே கூடுகிறது, மறுநாள் பேப்பரில் வருகிறது. அதை அடித்துவிட்டேன். இன்னொன்றில் "எல்லா சாமியும் ஒண்ணுதானேம்மா" என்று புன்னகைக்கிறார். இது அதைவிட மோசம். தன் பெருமாளை அப்படி ஒரே வரியில் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை சம்பத். கடைசியில் அவர் இப்படித்தான் இருந்தார்:

முகம் சிவந்துவிட்டது. "நாங்க ஃபுட்பாலுக்குன்னா அனுப்பிச்சோம்?"

"ஆமா சார்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அனுப்பியிருக்க மாட்டீங்க சார்."

"மாட்டேன்தான்."

காபி வந்தது. யாரும் தொடவில்லை. சம்பத் உள்ளே திரும்பி, "வகுளா, இங்க வா. அதைச் சொல்லு, கேப்போம்" என்றார்.

வகுளா வந்து கைகூப்பி ஆரம்பித்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கை தானாகத் தொடையில் தட்டத் தொடங்கியது. பயத்தில் பெண் கடைசி வசனத்தை ஒரு தரம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"இன்னொரு தரம்" என்றார் சம்பத், பழக்கத்தில்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வகுளா சிரித்துவிட்டாள். பிரான்சி சிரிக்கக் கூடாது என்று காபி டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அவருக்கு இன்னும் கோபம் வந்தது, ஆனால் அதில் பாதி தன் மேலேயே.

"மைக் வேண்டாம்னு நான் சொல்லலை. எனக்குப் பின்னால நடந்ததுதான் தப்பு. என் முன்னாடி நடக்கட்டும். இவ அங்க நின்னு என்ன சொல்றான்னு கேட்டுட்டு, அப்பறம் பாக்கறேன், அந்த கிளப்புக்கு அனுப்பறதா வேண்டாமான்னு."

7

கடைசி நாள். ஆட்டத்தை விரிவாக எழுத ஆசைதான். ஆனால் எனக்கு ஆஃப்சைடு விதி இன்று வரை பிடிபடவில்லை. வகுளா ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். "அந்தக் கீப்பர் புள்ள எனக்கு வேணும், வீட்டுல பேசிட்டீங்களா?" என்று ரஞ்சனி பிரான்சியின் காதைக் கடித்தாள்.

முன் வரிசையில் ஒரு பக்கம் கமிட்டி. இன்னொரு பக்கம் நெற்றி நிறையத் திருமண்ணோடு சம்பத், கையைக் கட்டிக்கொண்டு. ஆசீர் மைக்கில் வகுளாவின் பேரைச் சொன்னார்.

அவள் எழுந்து வருவதற்குள், என்ன பேச வேண்டும் என்பதை மூன்று பேர் சொல்லி முடித்திருந்தார்கள். ஆசீர், "உள்ளத்துல என்ன மாற்றம் வந்துச்சுன்னு சொல்லும்மா" என்றிருந்தார். மாற்றம் வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சம்பத், "நன்னா விளையாடினோம், நன்றின்னு சொல்லிட்டு இறங்கிடு" என்றிருந்தார். பிரான்சிகூட, "ஆட்டமும் நல்லாருந்துச்சு, வசனமும் நல்லாருந்துச்சுன்னு பொதுவா முடிச்சிரு" என்று சொல்லிவைத்திருந்தாள், யார் மனசும் நோகாமல்.

நானும் சும்மா இருக்கவில்லை. காவிரியையும் கொள்ளிடத்தையும் இழுத்து, அன்பு, ஒற்றுமை என்று ஒரு பெரிய பேச்சு எழுதி அவள் வாயில் வைத்தேன். படித்துவிட்டு நானே அழுதேன். ஜமால் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு வயசு பதிமூணா முப்பதா?" என்றார். கிழித்துப் போட்டுவிட்டேன்.

வகுளா கையுறையைக் கழற்றாமலே வந்ததால் மைக்கைப் பிரான்சிதான் பிடிக்க வேண்டியிருந்தது. பெண் சங்கீதத்தைச் சொன்னாள், முதலும் கடைசியும் இரண்டு தரம். பிறகு ஆசீரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிரான்சிக்கு அப்போதுதான் உறைத்தது. ஏன் இரண்டு தரம் சொன்னாய் என்று முன்பு கேட்டிருந்தாள். அப்பா வருவாரா, ஆட விடுவாரா என்று கேட்டிருந்தாள். இந்த ஒன்றை மட்டும் கேட்கவே இல்லை. குனிந்து கேட்டாள்:

"உனக்கு இது புடிச்சிருந்துச்சா?"

"உண்மையைச் சொல்லவா மிஸ்?"

மைக் ஆனில் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. முதலில் ஆசீர் சிரித்தார். சம்பத்தும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தார். பிறகு இருவருமே சிரிப்பை நிறுத்திவிட்டுப் பயத்தோடு அவள் வாயைப் பார்த்தார்கள்.

"சொல்லும்மா" என்றாள் பிரான்சி.

இதற்குப் பிறகு நான் எழுதிப் பார்த்த ஒவ்வொரு பதிலும் யாராவது ஒரு பெரியவர் பேசுகிற மாதிரியே இருந்தது. அதனால் பேனாவை மூடிவிட்டேன். வாசகரே, உங்களிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பேசப் போகிறது.