நிழலுக்கு நகர்ந்த முக்காலி

மைதானங்களுக்குக் கோடு போடுவதுதான் அவளுக்குத் தொழில். பெயின்ட் தெளித்தபடி தானாக ஓடும் நாலு சக்கர வண்டி ஒன்று வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஃபுட்பால் மேட்ச். வீட்டில் சும்மா இருக்க முடியாத மாமனாரும் காலையிலேயே கூடக் கிளம்பிவிட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஸ்டியரிங் இல்லாத வண்டி என்றால் அவருக்கு நம்பிக்கையே வராது.

"யாரும் பிடிக்காம எப்படிம்மா நேரா போகுது?"

"சாட்டிலைட் வழி சொல்லும் மாமா. ஆனா அந்த சிக்னல் மேலேர்ந்து இறங்கி வர்றதுக்குள்ள தடுமாறிடும். ரெண்டு மீட்டர் தள்ளிக்கூட காட்டும். அதைத் திருத்தத்தான் இது."

மைதான ஓரத்தில், தலையில் தட்டு மாதிரி ஆன்டெனாவோடு ஒரு முக்காலி நின்றது.

"இது நிக்கிற இடம் எதுன்னு இதுல முன்கூட்டியே பதிஞ்சிருக்கேன். அதை வெச்சு, சாட்டிலைட் எவ்வளவு பிசகா சொல்லுதுன்னு கண்டுபிடிச்சு, நொடிக்கு நொடி வண்டிக்கு ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருக்கும்."

"அப்ப பாவம், எல்லாப் பாரமும் இது தலையிலதான்னு சொல்லு," என்றார் மாமனார்.

பாதி மைதானம் முடிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, பெயின்ட் கலக்கிவரப் போனாள். திரும்பி வந்து மீதிப் பாதியையும் போட்டாள். வண்டியின் திரையில் எல்லாமே பச்சை விளக்கு. ஒரு குறையும் காட்டவில்லை.

விளையாட்டு வாத்தியார்தான் முதலில் பார்த்தார். பக்கவாட்டுக் கோடு பாதி வழியில் ஒடிந்து, ஐந்து எட்டு தூரம் தள்ளிப் போய்த் தொடர்ந்தது. கோல் போஸ்ட் ஓரிடம், அதற்கான கோடு ஓரிடம்.

"ஏம்மா, பசங்க ஃபுட்பால் ஆடணுமா, நொண்டி ஆடணுமா?"

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வண்டியைக் குடைந்தாள், ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் ஓரமாகப் பார்த்தாள். முக்காலி ஸ்கோர் போர்டின் நிழலில் சொகுசாக நின்றிருந்தது. காலையில் அதை நிறுத்தத் தரையில் போட்டிருந்த குறியிலிருந்து எட்டு வைத்து அளந்தாள். சரியாக ஐந்து.

"மாமா, இதை யாரு நகர்த்தினது?"

"நான்தாம்மா. வெயில்ல காயுதேன்னு நிழல்ல வெச்சேன்."

"இடம் மாறினது அதுக்குத் தெரியாது மாமா. பழைய இடத்துலயே நிக்கிறதா நெனச்சு வண்டிக்குத் திருத்தம் சொல்லியிருக்கு. இது அஞ்சு எட்டு நகர்ந்தா கோடும் அதே பக்கம் அஞ்சு எட்டு நகரும்."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். முழங்கை வரை சட்டையைச் சுருட்டி, மெஷினுக்குக் குடை பிடிக்காத குறையாக அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார்.

தண்ணீரில் கரையும் பெயின்ட் என்பதால் பிழைத்தார்கள். மாமனார் யாரையும் கிட்டச் சேர்க்காமல், தானே குழாயையும் துடைப்பத்தையும் எடுத்துத் தப்பான கோடுகளைக் கழுவித் தள்ளினார். அவள் முக்காலியைப் பழைய குறியின் மேல் நிறுத்தி, மீதிப் பாதியை மறுபடி ஓட்டினாள். மூன்றரைக்கெல்லாம் கோடுகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. நாலு மணிக்கு விசில் ஊதினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் வாத்தியார், "அடுத்த வாரம் ஓட்டப்பந்தயத்துக்கும் கோடு போடணும்மா," என்றார்.

அவள் வாயைத் திறக்குமுன் மாமனார் முந்திக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு வரணும் சார்?"