பூங்காவின் மத்தியானக் கட்டம்

ஆகஸ்ட் 14, வியாழன். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பூங்காக் கணக்கெடுப்புத் தாளில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை உள்ள கட்டத்தில், போய்ப் பார்க்காமலேயே ‘யாரும் இல்லை’ என்று எழுதிவிட்டேன். கொளுத்துகிற வெயிலில் யார் வரப்போகிறார்கள்? இருந்தாலும் தவறு தவறுதான்.

இதை எழுதியவள் நகரப் பூங்காத் துறையில் தற்காலிக எழுத்தர். பகலெல்லாம் அலுவலகம், மாலையில் நகரத் திட்டமிடலில் டிப்ளமோ வகுப்பு. அன்று மாலை ஏழு மணிக்குத் தேர்வு இருந்தது. பூங்காவில் நிற்க வேண்டிய மூன்று மணி நேரமும் கோப்பு அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து படித்தாள். மற்றபடி அந்தத் தாளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் நடப்பவர்கள் நாற்பத்திரண்டு பேர், மாலையில் விளையாடும் பிள்ளைகள் பதினேழு பேர் என்று ஒவ்வொரு தலையாக எண்ணியிருந்தாள். நாய்களைக்கூட விடவில்லை, மூன்று.

நாட்குறிப்பில் எழுதியதும் மனசு லேசாகிவிட்டது. அதுதான் வினை. எழுதியதே திருத்தியதுபோல ஆகி, நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

அந்தத் தாளை வைத்துத்தான் ஒப்பந்தம் போட்டார்கள். பூங்காவைப் பராமரிக்கத் துறையிடம் போதிய ஆள் இல்லை. அதனால் குடியிருப்போர் சங்கம் தண்ணீர் ஊற்ற ஆள் தரும், கடைக்காரர்கள் குழாயும் பெயிண்டும் தருவார்கள், துறை தோட்டக்காரரையும் காவலாளியையும் தரும் என்று மூன்று தரப்பும் கைகோத்தன. மத்தியானம் யாரும் வருவதில்லை என்று தாளே சொல்கிறதே, அந்த நேரம் கதவைப் பூட்டிவிட்டுக் காவலாளியை அடுத்த பூங்காவுக்கு அனுப்பலாம் என்று சங்கத் தலைவி யோசனை சொன்னார். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் என்பதால் அவருக்கு ஒலிபெருக்கி அம்மா என்று பெயர். அவர் சொன்னால் அப்புறம் மறுபேச்சு ஏது? எல்லோரும் தலையாட்டினார்கள். இவளும் ஆட்டினாள்.

ஒப்பந்தம் பலித்தது. காய்ந்து கிடந்த புல்தரை பச்சை பிடித்தது. உடைந்த ஊஞ்சல் ஆடத் தொடங்கியது. மேற்பார்வையாளர் அவளை நான்கு பேர் முன்னால் பாராட்டினார்.

அந்தத் தாளை எழுதி எட்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், கதவில் மாட்டும் புது நேரப் பலகையைக் கொடுக்க அவள் பூங்காவுக்குப் போனாள். பூட்டிய கதவுக்கு வெளியே, மதில் ஓரமாக ஒரு முழ அகலத்துக்குத்தான் நிழல். அந்த நிழலுக்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஏழெட்டுப் பேர் படுத்திருந்தார்கள். சீருடை மாற்றாத நர்ஸ் ஒருத்தி பையைத் தலைக்கு வைத்திருந்தாள். பார்சல் கொண்டுபோகும் பையன்கள் இரண்டு பேர் வண்டியிலேயே சாய்ந்திருந்தார்கள். கடைசியில் ஒருவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, காலைச் சாலைப் பக்கம் நீட்டிக் கிடந்தார். குதிகாலில் பச்சை நூலால் தைத்த சாம்பல் நிறக் காலுறை. அக்கா தைத்தது. கறுப்பு நூல் தீர்ந்துபோச்சு என்று சொல்லித் தைத்தபோது இவள்தான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.

அக்கா புருஷன். பேருந்து ஓட்டுநர். காலை ஐந்து மணிக்கு வண்டி எடுத்தால் பதினொன்றரைக்கு இறங்குவார், மறுபடி மூன்றரைக்கு ஏறுவார். நடுவில் பணிமனை ஓய்வறையில் தூங்குவதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார். போன வாரம் கண் அசந்து பேருந்தை நடைபாதைக் கல்லில் ஏற்றிவிட்டார். இன்னொரு முறை நடந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவோம் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த பூங்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காவலாளி, இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வந்தார். எல்லோருக்கும் அவர் சாவி அண்ணன்.

“என்னம்மா பார்க்குற? முன்னாடியெல்லாம் இவங்க உள்ள பெஞ்சுல ராஜா மாதிரி தூங்குவாங்க. எவனோ ஒரு புண்ணியவான், மத்தியானம் ஈ காக்கா கூட வர்றதில்லன்னு எழுதிக் குடுத்துட்டானாம்.”

“நீங்க யாருகிட்டயும் சொல்லலையாண்ணே?”

“நானா? எங்கிட்ட யாரு கேட்டா? நான் பூட்டுறவன், அவ்ளோதான்.”

பலகையை அவர் கையில் கொடுக்காமலே திரும்பிவிட்டாள். மாமாவை எழுப்பத் தைரியம் வரவில்லை.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் முன்னால் நின்று ஒரே மூச்சில் சொல்லிமுடித்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது சார்.”

“அப்போ விடு. ஆறு மாசம் ஆனதும் ஒப்பந்தத்தை மறுபடி பார்ப்போம்ல? தேவை மாறிடுச்சுன்னு ஒரு வரி போட்டுக் கதவத் திறந்துடலாம்.”

“அதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு சார். நாளைக்குத்தான் மூணு தரப்புக் குழுவும் கூடுதே, அதுல சொல்லக்கூடாதா?”

“சொல்லலாம். தாளே தப்புன்னா கதவ உடனே திறப்பாங்க. உடனே அந்த ஒலிபெருக்கி அம்மா என்ன கேப்பாங்க தெரியுமா? ‘அந்த நாப்பத்திரண்டும் நீ கனவுல எண்ணினதா?’ன்னு கேப்பாங்க. கடைக்காரங்க குழாயைத் திருப்பிக் கேப்பாங்க. அடுத்த மாசம் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதியிருக்கேன், அதையும் யோசி.” சற்று நிறுத்தி, “நான் சொல்லாதேன்னு சொல்லல. பார்த்துக்க” என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் அவளை அறுத்தது. மூன்று தரப்பும் கைகோத்தது அவளுடைய தாளை நம்பித்தான்.

மூன்றேகாலுக்குப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். மாமா காலி வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க டிப்ளமோ! என்ன, ஆபீஸ்ல துரத்தி விட்டுட்டாங்களா?”

“மாமா, நீங்க பூங்கா வாசல்ல படுத்திருந்ததைப் பார்த்தேன்.”

அவர் சிரிப்பு நின்றது. “உங்க அக்காகிட்ட வாயைத் திறந்துடாத.”

“ஓய்வறை இருக்குல்ல?”

“அங்க நாலு கட்டில், இருபது ஆளு. ஒருத்தன் குறட்டை, ஒருத்தன் போன்ல சண்டை. வீட்டுக்கு வந்தா ரெண்டு தையல் மெஷினும் கடகடன்னு ஓடுது. எனக்குத் தூக்கமில்லைன்னு தெரிஞ்சா உங்க அக்கா மெஷினை நிறுத்திடுவா. இப்பத்தான் அவளுக்கு நாலு ஆர்டர் வருது.” அவர் அவள் பக்கமாகக் குனிந்தார். “உங்க ஆபீஸ் பூங்காதானே? மேல இருக்கிறவன் எவனோ தெரியாம பூட்டிட்டான். நீ ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன். படிச்ச புள்ள, நீ சொன்னா கேப்பாங்க.”



“மேல இருக்கிறவங்க இல்ல மாமா. நான்தான். மத்தியானம் யாரும் இல்லைன்னு எழுதினது நான். போய்ப் பார்க்கல. அன்னிக்குப் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன்.”

மாமா சட்டைப் பைக்குள் கை விட்டார். கைக்குட்டையை எடுத்து, அழுக்கே இல்லாத கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார்.

“நான் அன்னிக்கும் குழாயடி பெஞ்சுலதான் படுத்திருந்திருப்பேன்” என்றார் கடைசியில். “ஒரு எட்டு வந்திருந்தா பார்த்திருப்ப.”

“திட்டிடுங்க மாமா.”

“திட்டினா உனக்கு ஆறிடும். எனக்குத் தூக்கம் வந்துடுமா?”

பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். முதலில் ஏறிய ஒரு அம்மா, வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டார். மாமா நேரத்தைப் பார்த்துவிட்டு, இவள் முகத்தைப் பார்க்காமல், “இறங்கும்மா. வண்டி எடுக்கணும்” என்றார். என்றைக்கும் ‘டிப்ளமோ’ என்று கூப்பிடுகிறவர், இன்று யாரோ பயணியிடம் பேசுவதுபோல வெறும் ‘அம்மா’ போட்டார்.

இறங்கினாள். வண்டி வளைவில் திரும்பி மறையும்வரை, அது நேராகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

வகுப்பில் ஆசிரியர் வருவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. நாட்குறிப்பைத் திறந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி அடித்தாள். அப்புறம் எழுதினாள்:

அக்டோபர் 9, வியாழன். நாளை காலை பத்து மணிக்குக் குழுக் கூட்டம். மத்தியானக் கட்டத்தைப் பார்க்காமல் நிரப்பியது நான்தான் என்று முதலில் எழுந்து சொல்ல வேண்டும். நாளை பன்னிரண்டு மணிக்கே கதவைத் திறந்து வைக்கக் கேட்க வேண்டும்.