பெருமாள்சாமியின் மூன்றாவது பிறந்த தேதி

பெருமாள்சாமி மயங்கிக் கிடக்க, அவனுடைய பிறந்த தேதியைத் தேடி நாங்கள் அலைந்த முக்கால் மணி நேரத்தில் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது. அதற்கு முன்பே அறுபத்திரண்டு.

தபால் இலாகாவில் ஓய்வு பெற்று, இருங்காட்டுக்கோட்டையில் ஆறு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். அறை என்றால், உள்ளே போனவர் திரும்பிப் படுக்க வெளியே வரவேண்டும், அவ்வளவு தாராளம். ஒன்றில் பெருமாள்சாமியும் மனைவி பாண்டிச்செல்வியும். அடுத்ததில் அவனோடு படித்த வேல்ராஜ். மூவரும் கோவில்பட்டிப் பக்கம்.

2012-இல் ஒரு காலை, ஷிப்ட் முடிந்து பெங்களூர் சாலையைக் கடந்த பெருமாள்சாமியைக் கண்டெய்னர் லாரி தட்டிவிட்டுப் போனது. பர்ஸும் கம்பெனி அட்டையும் அங்கேயே மாயம். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்து, உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே திறக்க வேண்டும் என்றார். ரத்தம் கொடுக்க வேல்ராஜ் ஓடினான்.

அப்போதுதான் பாண்டிச்செல்வி அதைச் சொன்னாள். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அவனுக்குக் கையில் ஆபரேஷன் நடந்ததாம். மயக்க மருந்து ஏறியதும் உடம்பு அடுப்பாய்க் கொதித்து, நாலு நாள் செத்துப் பிழைத்தானாம். அந்த மருந்தை ஆயுளுக்கும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மருந்தின் பெயர் அவளுக்குத் தெரியாது.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "சென்னைக்கு அனுப்பினா வழியிலேயே போயிடுவார். முக்கால் மணி நேரம் தாங்குவார். அதுக்குள்ள பேர் தெரியலன்னா, நானா ஒண்ணைத் தேர்ந்தெடுத்துதான் போடணும்."

பாண்டிச்செல்வியின் கைப்பையில் அந்தச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியின் அட்டை ஒன்று இருந்தது. அதில் அவன் பாஸ்போர்ட் எண், தொலைபேசி, இணைய முகவரி. போன் போட்டேன். நோயாளியின் பதிவை மற்றவர்களிடம் சொல்ல மாட்டோம், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அவரே திறந்து பார்க்கலாம் என்று ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். அவர் மயங்கிக் கிடக்கிறார் தாயே என்றேன். விழித்ததும் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள்.

எதிரே டில்லிபாபுவின் பிரவுசிங் சென்டர். நாலு கம்ப்யூட்டர், நாலும் பல்லவர் காலம். நாங்கள் உட்கார்ந்ததும் கரண்ட் போனது. "யூபிஎஸ் இருவது நிமிசம் தாங்கும் சார், அதுக்குள்ள இன்னா பாக்கணுமோ பாத்துக்கோ" என்றான்.

ஆஸ்பத்திரியின் இணையப் பக்கம் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் கேட்டது. மூன்று முறை தவறினால் ஒரு நாள் முழுக்கப் பூட்டு. பாஸ்போர்ட், மறுபடி வெளிநாடு அனுப்புவதாகச் சொன்ன திருச்சி ஏஜென்ட்டிடம். அவன் போன் அணைந்திருந்தது.

எண்பத்து மூன்றாம் வருசம் கார்த்திகை தீபத்தன்று பிறந்ததாக மாமியார் சொல்வார் என்றாள் பாண்டிச்செல்வி. டில்லிபாபு பஞ்சாங்கத் தளத்தில் தேடி அந்தத் தேதியைப் போட்டான். தவறு.

இரண்டாவது வாய்ப்பைக் கொன்றவன் நான். முப்பத்தெட்டு வருடம் உலகத்துத் தபாலையெல்லாம் பிரித்த கை இது. வெளிநாட்டுக்காரன் மாதத்தைத்தான் முன்னால் எழுதுவான், மாற்றிப் போடு என்று அதிகாரம் செய்தேன். அதுவும் தவறு. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யூபிஎஸ் அலற ஆரம்பித்தது.

கையில் பஞ்சோடு வேல்ராஜ் வந்து சேர்ந்தான். விஷயம் கேட்டதும் தன் லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தான்.

"இதுல உள்ள தேதியப் போடுங்க. மே இருவது, எம்பத்தி நாலு."

"அது ஒன் பொறந்த நாளுல்லப்பா?" என்றேன்.

"எங்க ஊருல அந்த வருசம் ஒண்ணாப்பு சேர்ந்த அம்புட்டுப் பேருக்கும் இதான் சார். ஹெட்மாஸ்டர் ஒரே தேதியா எழுதிட்டாரு. பாஸ்போர்ட்லயும் அதான் ஏறியிருக்கும்."

பாண்டிச்செல்வி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக ஒங்களுக்கு ஒரு வருசம் மூப்புல்லா? முந்தின வருசமே சேர்ந்திருப்பாகளே?"

"மூப்புதான் மைனி. தலைக்கு மேல கையப் போட்டுக் காதைத் தொடச் சொன்னாங்க, அவனுக்கு எட்டல. திருப்பி அனுப்பிட்டாங்க. மறுவருசம் எங்கூடத்தான் சேர்ந்தான்."

"நெசமா?"

"அப்ப எனக்கு அஞ்சு வயசு மைனி. அம்மா சொல்லிக் கேட்டதுதான்."

டில்லிபாபு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து அதுவே முதல் முறை.

"போடுங்கண்ணே" என்றாள் அவள்.

பக்கம் ஆமை வேகத்தில் திறந்தது. முதலில் அவன் பெயர். அடியில் சிவப்புக் கட்டத்தில் மருந்தின் பெயர். அதை உச்சரிக்க எனக்கு இன்னொரு நாக்கு வேண்டும். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பாதியில் திரை இருண்டது. மிச்சத்தை டில்லிபாபு நினைவிலிருந்து சொன்னான்.

டாக்டரம்மா அதைத் திருப்பிப் படித்துக் காட்டினார். "அதைத்தான் சிரிஞ்சில ஏத்தச் சொல்லியிருந்தேன்" என்றார். பிறகு யாரிடமோ அதைக் கொட்டச் சொன்னார்.

மூன்றரை மணி நேரம் தியேட்டர் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா கதவைத் திறந்து வந்து, மண்ணீரலை எடுத்தாயிற்று, ஆள் பிழைத்துக்கொண்டான் என்றார். நானும் வேல்ராஜும் துள்ளி எழுந்தோம். பாண்டிச்செல்வியால் எழ முடியவில்லை. கால் மரத்துவிட்டது என்று சொல்லி, டாக்டரம்மாவின் செருப்பைப் பார்த்தபடியே அழுதாள்.